கட்டுமரமும் கட்டாத வாயும்

கோட்டைக்குப்பத்து மாசிலாமணிக்கு எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது, பேச மட்டும் தெரியும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே இங்கிலீஷ்காரனுடைய பாஷைக்கு ஒரு சொல்லைத் தூக்கிக் கொடுத்தவர் அவர். அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். அந்தச் சொல் அவர் பிறப்பதற்கு முன்பே கப்பலேறிப் போய்விட்டது என்று கோட்டைத் துபாஷ் கௌஸ் மைதீன் பலமுறை எடுத்துச் சொல்லியும் மாசிலாமணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது ஏதோ திருட்டுத்தனமாகப் போயிருக்கும், முறையாகக் கையில் கொடுத்து அனுப்பியது நான்தான் என்பார்.

அது ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர் காலம். நடுவில் இங்கிலீஷ்காரர்கள் பழவேற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, நாலு வருஷம் வைத்திருந்து, மறுபடி ஒல்லாந்தரிடமே ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கொடி மாறியது, கொட்டு முழங்கியது, உள்ளே போய்ப் பார்த்தால் பாதி அறைக்குக் கதவில்லை. யார் கழற்றிக்கொண்டு போனது என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கதவு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மாசிலாமணியின் கதை கதவில்தான் போய் முட்டுகிறது.

அவர் தானாக எழுந்து நின்ற மனுஷர். ஒன்பது வயதில் நைனாவைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் அடுத்தவன் கரைவலைக்குக் கயிறு இழுத்தார். கயிறு இழுப்பவனுக்கு மிஞ்சுவது, உள்ளங்கையில் தோல் உரிவதும், ஒரு கை காரப்பொடி மீனும்தான். ஒரு நாள் கயிற்றை மணலில் போட்டுவிட்டு, "இனிமே ஒருத்தன் கயித்தையும் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நேராகப் போய் நின்றது திருப்பாலைவனத்தில், மலைவேம்பு வளர்த்த ஒரு நிலக்காரர் முன்னால். வருஷம் முழுக்க நெல் வயலில் வேலை, வருஷக் கடைசியில் ஒரு மரம். அதுதான் பேச்சு. கடற்கரை ஆள் சேற்றில் நடக்கிற அழகைப் பார்க்க வரப்பு நிறைய ஜனம் நிற்குமாம். நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். ஐந்து வருஷம் உழைத்தார். ஐந்து மரம் வாங்கினார்.

ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. முதல் வருஷத்தது பட்டினி மரம். அடுத்தது காய்ச்சல் மரம். மூன்றாவது புயல் மரம். நாலாவது, நிலக்காரரோடு மல்லுக்கு நின்று வாங்கியது, சண்டை மரம். ஐந்தாவது வருஷம் கல்யாணம் நடந்தது. ஆகவே அது நாகம்மாள் மரம்.

"நாகம்மாவ மட்டும் ஓரத்துல தான் கட்டுவேன். நடுவுல வெச்சா என்ன ஓட்டவே வுடாது" என்று மாசிலாமணி சிரிப்பார்.

"ஓரத்துல நான் தாங்கிப் புடிச்சிகினு வரதால தான் இத்தினி வருசம் கவுறாம கீற" என்று அவர் மனைவி நாகம்மாள் மீன் கூடையிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாள்.

ஐந்தையும் சேர்த்துக் கட்டினால் கட்டுமரம். கடலுக்குப் போய் வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் பரப்பிவிடுவது நம் கரையின் வழக்கம். ஊறிய மரம் காய வேண்டும். காயாவிட்டால் மறுநாள் கனக்கும், அலை ஏறாது. ஆகவே பகலில் குப்பத்துக் கரையைப் பார்த்தால் படகு எதுவும் கண்ணில் படாது. மரம் மரமாகக் கிடக்கும்.

பழவேற்காட்டுக்கு வருகிற கப்பல்கள் கரைக்கு வர முடியாது, ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கோட்டைக்கும் நடுவே கடுதாசி கொண்டுபோவது மாசிலாமணியின் வேலை. பனையோலையில் கூம்பு மாதிரி ஒரு தொப்பி முடைந்து, கடுதாசியை அதற்குள் வைத்து, தலையில் இறுக்கிக் கட்டிக்கொள்வார். அலை தலைக்கு மேலே போனாலும் இரண்டு விஷயம் நனையாது என்பார்கள்: அவர் தொப்பிக்குள் இருக்கும் கடுதாசி, அவர் வாய்க்குள் இருக்கும் பேச்சு.

அந்த வருஷம் சென்னப்பட்டணத்திலிருந்து ஓர் இங்கிலீஷ் துரை கோட்டைக்கு விருந்தாளியாக வந்தான். வேட்டைக்கு வரவில்லை, வியாபாரத்துக்கும் வரவில்லை. சொல் பொறுக்க வந்தான். இங்கிலீஷ்காரர்கள் தினம் பேசுகிற சொற்களில் எதெது இந்தக் கரையில் ஏறிக்கொண்டது, அதன் வேர் எது என்று தோண்டுவதுதான் அவன் பைத்தியம். அவன் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. தமிழில் அவனுக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை, "சொல்லு". மீனைக் காட்டி "சொல்லு" என்பான், வலையைக் காட்டி "சொல்லு" என்பான். சொல்லு துரை என்று பெயர் நிலைத்துவிட்டது.

விஷயம் தெரிந்த ஆள் வேண்டும் என்று துரை கேட்க, விஷயம் தெரியாவிட்டாலும் பேசுகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று கௌஸ் மைதீன் அவனைக் குப்பத்துக்கு அழைத்து வந்தார். கரையில் நாற்காலி போட்டு, மடியில் நோட்டை விரித்து, துரை உட்கார்ந்தான். பக்கத்தில் மொழிபெயர்க்கக் கௌஸ் மைதீன். சுற்றிலும் குப்பமே நின்றது. மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

துரை தன் வாயிலிருந்த புகையிலைச் சுருளை எடுத்துக் காட்டினான். "செரூட். சொல்லு."

"சுருட்டு" என்றார் மாசிலாமணி. "சுருட்டுனதால சுருட்டு. பாயச் சுருட்டறோம், ஓலையச் சுருட்டறோம், அப்பிடி எலையச் சுருட்டிட்டா சுருட்டு. பாய், சொல்லு அவனுக்கு."

கௌஸ் மைதீன் சொன்னார். துரை எழுதினான். "முல்லிகடானி. சொல்லு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கோட்டையில் வெள்ளைக்காரர்கள் தினமும் குடிக்கிற சூப்பின் பெயர் அது.

"மிளகுத்தண்ணி, துரை! மிளகு ஒண்ணு, தண்ணி ஒண்ணு. அவ்ளோதான் வேரு. மீதியெல்லாம் நீங்க போட்ட கோழி."

துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். அந்தச் சந்தோஷம்தான் மாசிலாமணியைக் கெடுத்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்பாரா?

"இன்னும் கீது, எழுதிக்க. போட்டுன்றியே, அது எங்குளுது. தண்ணியில போட்டு, போட்டு எடுக்கறோம் இல்ல? அதான் போட்டு. கப்பல் பாயை செயில்னு சொல்றியே, அது சேலை. எங்க பொம்பளைங்க சேல காயப்போட்டிருக்கறத உங்க ஆளு பாத்துட்டு..."

கௌஸ் மைதீன் வாயைத் திறக்கவில்லை.

"இன்னா பாய், சொல்லு!"

"அத்த நான் சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"பட்டணத்துல எனக்கு மாமனார் வூடு கீது. மானம் மரியாதையோட போய்வரணும்."

கூட்டம் மறுபடி சிரித்தது. துரைக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் மணலில் காய்ந்துகொண்டிருந்த ஐந்து மரங்களைக் காட்டினான். எல்லாச் சொல்லிலும் இதற்குத்தான் அவன் முக்கியமாக வந்திருந்தான்.

"கட்டமரான். சொல்லு."

மாசிலாமணி ஒரு கயிற்றை எடுத்தார், இரண்டு மரத்தைச் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் காட்டினார். "இது கட்டு." மரத்தைத் தட்டினார். "இது மரம். கட்டு, மரம். கட்டுமரம்! அஞ்சு வருசம் சேத்துல நின்னு நான் வாங்குன மரம், நான் கட்டுன கட்டு. அஞ்சு வருசத்தையும் எழுதிக்கச் சொல்லு பாய்."

துரை எழுதிவிட்டு, யோசித்து, ஒரு கேள்வி கேட்டான். கௌஸ் மைதீன் அதைத் தமிழில் சொன்னார்: "கட்டு அவுத்துட்டா இதுக்கு இன்னா பேருன்னு கேக்கறாரு."

"அவுத்துட்டா?" மாசிலாமணிக்கு இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்ட மாத்திரத்தில் அது அவருக்குப் பிடித்துப்போனது. கயிற்றை ஒரே இழுப்பில் உருவி வீசினார். "கட்டு போச்சு. இன்னா மிச்சம்? மரம்! அவுத்துட்டா வெறும் மரம் தான் துரை. வேர் வரைக்கும் காட்டிட்டேன் பாரு!"

கௌஸ் மைதீன் இருமினார், கண்ணைக் காட்டினார். மாசிலாமணி பார்க்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், கையைப் பின்பக்கம் கட்டிக்கொண்டு, கோட்டைக் கிடங்குக்கு மேலாளான ஒல்லாந்தத் துரை வாண்டர் நின்றுகொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷமாக இங்கே இருப்பவன், கடைத்தெருத் தமிழ் தெரிந்தவன்.

"அவுத்தா மரம்?" என்று வாண்டர் கேட்டான்.

"சுத்தமா மரம், துரை."

"நல்லது" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

மறுநாள் காலையில் கோட்டையிலிருந்து பத்து ஆள் வந்தார்கள். இரண்டு ஆளுக்கு ஒன்றாக ஐந்து மரத்தையும் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மாசிலாமணி பின்னாலேயே ஓடினார்.

"டேய், அது கட்டுமரம்டா! கடுதாசி எடுத்துனு போற கட்டுமரம்!"

"கட்டு எங்க?" என்று கேட்டுவிட்டு முன்னால் போனவன் நடையை எட்டிப் போட்டான்.

பத்து நாளுக்கு முன்னால் தண்டோரா போட்டிருந்தார்கள்: கரையில் கிடக்கிற மரமெல்லாம் கோட்டைக் கதவு வேலைக்கு. படகு, தோணி, சலங்கு மூன்றுக்கும் விலக்கு. அப்போது கட்டுமரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கடலில் போகிற எதுவும் படகுதான் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது வாண்டருக்கு மட்டும் வேறு ஒன்று தெரிந்துவிட்டது.

கிடங்கு வாசலில் அவன் ஒரே பேச்சில் நின்றான். "படகு, விலக்கு. தோணி, விலக்கு. மரம், விலக்கு இல்லே. நீ சொன்னே மரம். ஊர் கேட்டது."

மாசிலாமணி சொல்லு துரையிடம் ஓடினார். அவனை இழுத்துக்கொண்டு வந்தார். அவன் பாவம், நல்லவன். ஆனால் நோட்டுக்கு உண்மையானவன். பக்கத்தைத் திருப்பிப் படித்தான். அதைக் கௌஸ் மைதீன் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "கட்டு, பிணைக்கறது. மரம், மரம். வேர்ல கீறதுதான் சொல்லோட நெசம்னு எழுதிகீறாரு. மனசுக்கு வருத்தமா கீதாம். ஆனா வேரு வேருதானாம்."

"நாளைக்கு மத்தியானத்துக்கு மேலே ரம்பம்" என்று வாண்டர் முடித்துவிட்டான்.

கோட்டையின் பின்பக்கத்திலிருந்து ஏற்கெனவே ரம்பச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வேறு யாருடைய மரமோ என்று மாசிலாமணி நினைத்துக்கொண்டார்.

அன்றைக்குக் குப்பத்தில் ஒருவரும் கட்டை அவிழ்க்கவில்லை. ஊறிய மரம் ஊறியபடி, கட்டியது கட்டியபடி கரையில் நின்றது. போகிறவன் வருகிறவனெல்லாம் தன் கட்டுமரத்தைத் தட்டி, "மாசிலாமணி, இது இன்னா? சொல்லு!" என்று கேட்டுவிட்டுப் போனான். அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். கரைவலை வைத்திருந்த வரதன் வந்து, மிகவும் தன்மையாக, "நாளன்னிக்கு வலை எறக்கறோம் மாசிலாமணி, கயிறு இழுக்க ஒரு ஆளு கொறையுது" என்றபோதுதான் தாங்கவில்லை. பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். பதில் சொல்லாத மாசிலாமணியை நாகம்மாள் அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள்.

"உன் மரத்துக்குக் கட்டு இல்லன்னு தூக்கினு பூட்டான். உன் வாய்க்கும் தான் கட்டு இல்ல, அத்த ஏன் வுட்டுட்டான்?" என்றாள். "அந்த வாய வெச்சி எத்தினி பேருக்குப் பதில் சொன்ன? வாண்டருக்குச் சொல்ல ஒண்ணும் கெடைக்கலியா?"

"வேருதான் நெசம்ன்றான்மே. வேர்லயே நின்னுகினா மரம் எப்பிடி மெதக்கும்?"

"அத்த அவங்கிட்ட கேளு. என்னாண்ட கேட்டா? நான் எலிசபெத்துக்கு மீன் குடுக்கணும். இன்னிக்கு மீனும் இல்ல, போய்ச் சொல்லிட்டு வரணும்."

எலிசபெத் கோட்டையில் துரைமாருக்குச் சமைப்பவள். மாசிலாமணி கொண்டுவரும் வஞ்சிரம்தான் அவளுக்கு வஞ்சிரம். மற்றவன் மீனில் ஏரிச் சேற்று நாற்றம் என்று தொடமாட்டாள். மறுநாள் காலை மாசிலாமணியே அவள் சமையல்கட்டுப் பின்வாசலில் போய் நின்றார், மீன் இல்லை என்று சொல்வதற்கு. உள்ளே அவள் இரண்டு கோழியை வேகவைத்து, பருப்பு கரைத்து, வெங்காயம் வதக்கி, தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இன்னா சமையல் எலிசபெத்தம்மா?"

"இன்னா தினமும்? மிளகுத்தண்ணி தான் அண்ணாத்த."

மாசிலாமணி பானைக்குள் எட்டிப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். முந்தின நாள் காலையிலிருந்து இறங்கியிருந்த அவருடைய மார்பு மெல்ல மேலே ஏறியது.

"இதுல மிளகு எம்மாம் போட்ட?"

"ஒரு கரண்டி."

"தண்ணி?"

"தண்ணி எங்க? எல்லாம் கோழியும் பாலும் தான்."

"அப்ப பேரு தப்பு. வேர்ல கீறது ரெண்டே சாமான். இன்னிக்கு வேர்ல கீற மாதிரி ஆக்கிக் குடு."

அவர் சொல்லி முடித்ததும் எலிசபெத் கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு யோசித்தாள். "வேலையிலேர்ந்து தூக்கிட்டா?"

"நான் கட்டுமரத்துல கொண்டாந்த மீன எந்தக் கையில வாங்குனே? அந்தக் கையால செய். அதுவும் இல்லாம, வாண்டரு தினம் உப்பு ஜாஸ்தின்றான்னு அழறியே, இன்னிக்கு உப்பே கெடையாது."

கடைசிக் காரணம்தான் அவளை அசைத்தது. கோழியை எடுத்து மூடி வைத்தாள்.

மத்தியானம் மேசைக்கு முன்னால் வாண்டரும் சொல்லு துரையும் உட்கார்ந்தார்கள். கௌஸ் மைதீன் வழக்கம்போலச் சுவரோரம் நின்றார். எலிசபெத் இரண்டு கோப்பையில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள், மேலே இடித்த மிளகு கறுப்பாக மிதந்தது. வாண்டர் பசியில் பார்க்காமல் ஒரு வாய் இழுத்தான். அப்புறம் அவன் இருமிய இருமல் கொத்தளத்தில் நின்ற சிப்பாய்க்குக் கேட்டதாம். மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுகின.

"இது என்னா?" என்று மேசையைக் குத்தினான்.

"முல்லிகடானி, துரை" என்றாள் எலிசபெத். "மிளகு. தண்ணி. பேர்ல கீற ரெண்டும் போட்டாச்சு. பேர்ல இல்லாதது எதுவும் போடல. கோழி கேட்டா கோழின்னு பேரு வைக்கணும்."

அப்போதுதான் மாசிலாமணி உள்ளே வந்தார். கையில் ஒரு தாம்பாளம், அதில் பழம்பாயைக் கத்தரித்துச் சுருட்டி நூல் கட்டிய இரண்டு சுருள்.

"சாப்ட்டதுக்கு அப்பறம் துரைக்கு சுருட்டு வேணும் இல்ல? சுருட்டுனது சுருட்டு. வேர்ல பொகையிலன்னு எங்கயும் இல்ல. பாயச் சுருட்டிகீறேன். பத்த வெச்சிக்க."

சொல்லு துரை இதற்குள் விஷயத்தைப் பிடித்துவிட்டான். உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டுக்குள் தலையை விட்டான். வாண்டர் மட்டும் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்து எழுந்து நின்றான். "மரம், மரம்தான்!" என்று கத்தினான்.

அங்கேயே மாசிலாமணி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருக்குக் கடைசியாக ஒரு சரக்கு மிச்சம் இருந்தது. கௌஸ் மைதீன் பக்கம் திரும்பினார்.

"பாய், கோட்டைக்குப் பின்னால சிப்பாயிங்க காலையில வரிசையா நிக்கற எடத்துக்கு இவங்க வெச்ச பேரு இன்னா?"

கௌஸ் மைதீனின் முகம் வெளுத்தது. "வாணாம் மாசிலாமணி. பேஜாராயிடும்."

"பேரு மட்டும் கேட்டேன்."

"கக்கூஸ்" என்றார் கௌஸ் மைதீன், சுவரைப் பார்த்து. ஒல்லாந்தர் தங்கள் பாஷையில் சொன்னதை ஊர் கேட்டு ஊர்ப்பேச்சில் போட்டுக்கொண்ட சொல் அது. நாம் அவர்கள் பக்கத்துக்குக் கொடுத்தது கட்டுமரம், அவர்கள் நமக்குக் கொடுத்தது அது. கணக்கு எப்படி இருக்கிறது பாருங்கள்.

"அதுல பின்னால வர்ற 'ஊஸ்' ஒல்லாந்துல இன்னா?"

"வீடு."

"முன்னால கீறது?"

"அத்த வுடு."

"வுட்டுட்டேன்" என்றார் மாசிலாமணி. வாண்டருக்கு முன்னால் போய் நின்று, கடலில் கப்பலைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்: "வேருதான் நெசம்னா, அது வீடு, துரை. உனக்குக் கோட்டைக்குள்ள ஒரு வீடு காலியா கீது. பொட்டிய எடுத்துனு இன்னிக்கே குடி போ. பாயும் சுருட்டி வெச்சிகீறேன்!"

வாண்டருக்கு மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சொல்லு துரையின் காதில் மட்டும் கௌஸ் மைதீன் குனிந்து இரண்டு வார்த்தை போட்டார். அவ்வளவுதான், அவன் வெடித்துச் சிரித்தான். மேசையைத் தட்டினான், கண்ணைத் துடைத்தான், நோட்டு நழுவி மிளகுத்தண்ணிக் கோப்பையில் விழுந்தது. ஈரத்தோடு எடுத்து, பக்கத்தைப் பிரித்து, அன்றைக்குக் கரையில் எழுதியதற்குக் கீழே ஒரு வரி எழுதினான். அதைக் கௌஸ் மைதீன், அந்த இரண்டு நாளில் முதன்முறையாக நிமிர்ந்து நின்று, தமிழில் சொன்னார்: "கட்டினாலும் அவுத்தாலும் அது படகுன்னு எழுதிட்டாரு. இத்த அச்சுல போடறப்போ, படகைக் கதவாக்கப் பாத்த துரை பேரையும் சேத்துப் போடலாமான்னு வாண்டர் துரையைக் கேக்கறாரு."

வாண்டர் சிரிக்கவில்லை. அவன் சிரிக்கிற ஜாதி இல்லை. ஆனால் அச்சு என்ற சொல் அவனைக் கடித்தது. கையை வாசல் பக்கம் நீட்டி, "எடு. போ" என்றான். எலிசபெத்தைப் பார்த்து, "கோழி கொண்டா" என்றான். அவள் வேலை தப்பித்தது.

கிடங்கில் போய் எண்ணிப் பார்த்தால் நாலு மரம்தான் இருந்தது. பட்டினி, காய்ச்சல், புயல், சண்டை. முந்தின நாள் கேட்ட ரம்பச் சத்தம் யாருடைய மரத்தினுடையது என்று மாசிலாமணிக்கு அப்போதுதான் விளங்கியது. கதவு எங்கே என்று தேடிக்கொண்டு பின்பக்கம் போனார். பலகை புதிதாக, மலைவேம்பு வாசனையோடு, ஆணி பளபளக்க மாட்டியிருந்தது. கோட்டையில் எத்தனையோ அறை கதவில்லாமல் கிடந்தது. அவசரம் எதற்கு அதிகம் என்று சிப்பாய்களைக் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

இழந்த மரத்துக்குப் பதிலாகக் கிடங்கிலிருந்து ஒரு தேக்கங்கட்டையைக் கொடுத்து அனுப்பினார்கள். மலைவேம்புக்கும் தேக்குக்கும் கனம் ஒத்துப்போகுமா? அன்றிலிருந்து அந்தக் கட்டுமரம் இடது பக்கம் சாய்ந்துதான் போகும். கப்பலுக்கு மரியாதையாகக் குனிகிறது என்று மாசிலாமணி சொல்லிக்கொண்டார். வரதனிடம் போய், "கயிறு இழுக்க ஆளு கெடைச்சுதா?" என்று விசாரித்துவிட்டும் வந்தார்.

இரண்டு நாள் கழித்து, புறப்படுவதற்கு முன்னால், சொல்லு துரை குப்பத்துக்கு வந்தான். மாசிலாமணி கரையில் ஐந்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். நாகம்மாள் பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கதவு எந்த மரத்தில் செய்தது, எங்கே மாட்டியிருக்கிறது என்பது அதற்குள் அவள் காதுக்கு எட்டிவிட்டது. இரண்டு நாளாக அவள் அவரிடம் பேசவில்லை.

துரை நோட்டைத் திறந்து, சுத்தமாக எழுதிவைத்ததைக் குப்பம் கேட்க உரக்கப் படித்தான். "கட்டமரான்!"

"மரான் இல்ல துரை" என்றார் மாசிலாமணி. "மரம்."

"மரான்."

"ஐயே! மர... ம்."

"மர... ரான்."

மாசிலாமணி கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தார். என்னதான் ஆனாலும் தன் சொல், இப்படி வால் அறுந்து கப்பலேறுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துரையின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனார்.

"வாய மூடு துரை! மூடினாதான் 'ம்' வரும். நீ தொறந்தே வெச்சிகினு கீற, அதான் 'ன்' வந்து நிக்குது. சொல்லுன்னா எங்கயாச்சும் ஒரு எடத்துல வாய மூடணும். என்னப் பாரு. மரம்னு சொல்லு, ஒடனே மூடு. மர... ம்! மூடிட்டேன் பாத்தியா?"

கௌஸ் மைதீன் இதை எந்தப் பாஷையில் பெயர்ப்பது என்று தெரியாமல் நின்றார். நாகம்மாள் கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டாள்.

"எங்க வாய மூடணும்னு இம்மாம் நல்லாத் தெரிஞ்ச மனுசன்" என்றாள், "அன்னிக்கு அந்த வாண்டரு கேட்டப்போ மூடிகினு இருந்திருந்தா, இன்னிக்கு நான் கக்கூசுல கதவா நின்னுகினு இருப்பனா?"

குப்பமே மாசிலாமணியைப் பார்த்தது. துரை பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மாசிலாமணி வாயைத் திறந்தார். நாகம்மாளைப் பார்த்தார். சாய்ந்து நின்ற கட்டுமரத்தைப் பார்த்தார்.

"ம்" என்றார்.